தெரியவில்லை என்று சொல்லாத குரல்

ராயப்பர்துறையில், கடலுக்குப் போன ஆட்களைப் பற்றிக் கேட்பதற்கென்றே ஒரு தொலைபேசி எண் இருந்தது. எண்ணை அழுத்திப் படகின் பெயரைச் சொன்னால் போதும். மறுமுனையில் ஒரு பெண்குரல், படகு எந்த ஊருக்கு நேராக, கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்லிவிடும். ஊரில் அந்தக் குரலுக்குப் போன்காரி என்று பெயர். உலை வைக்கலாமா, ஏலத்துக்கு ஆள் சொல்லி அனுப்பலாமா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாமா என்பதெல்லாம் போன்காரி சொல்வதை வைத்துத்தான் முடிவாகும்.

போன்காரி மனுஷி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும், "அவ சொல்லிட்டா" என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டது விசைப்படகுச் சங்கம். சங்க அலுவலகத்தை நடத்தியது ஜெனிட்டா. கல்லூரியை முடித்த கையோடு அங்கே வேலைக்கு வந்தவள், நாற்பதை நெருங்கும் வயதிலும் அங்கேயேதான் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ரெமிஜியுஸ், மதினி செல்மா, அவர்களுடைய மகள் ஷைனி என்று ஒரே வீட்டில் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகு ஒன்றில் டிரைவர். வாரத்தில் பாதி நாள் அவன் வீட்டில் இருக்கமாட்டான். இருக்கிற பாதி நாளில் வீட்டில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. அவ்வளவு சத்தமாகச் சிரிப்பான்.

அந்த வருடம், படகுகளின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாக வாங்கித் தந்துகொண்டிருந்த நிறுவனம் வாடகையைத் தாறுமாறாக ஏற்றியது. ஒவ்வொரு படகிலும் ஒரு கருவி, ஒவ்வொரு கருவிக்கும் மாத வாடகை. ஏற்கெனவே மீன்பாடு குறைந்து, டீசலுக்கே முழி பிதுங்கிக்கொண்டிருந்த காலம். படகு முதலாளிகள் சங்கத்தில் வந்து கத்தினார்கள்.

சங்கத் தலைவர் மச்சாது அண்ணாச்சி ஜெனிட்டாவைக் கூப்பிட்டார். "ஜெனி, நமக்குக் கட்டுபடியாகுத மாதிரி வேற ஏதும் இருக்கான்னு பாரு. எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சங்கதியெல்லாம் வெளங்காது. நீ சரின்னா எனக்கும் சரி."

அவள் தேடினாள். ஆட்களை வைத்து வயர்லெஸ்ஸில் கேட்டுச் சொல்லலாம் என்றால், வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. குறுஞ்செய்தியாக அனுப்புகிறோம் என்று ஒருவர் வந்தார். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது. கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து சுகிர்தா என்ற பெண் வந்தாள். சின்ன நிறுவனம், அவளும் இன்னும் சில பேரும் சேர்ந்து தொடங்கியது. முதுகில் ஒரு பையும், வெயிலில் சிவந்த முகமுமாக வந்து உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்தாள்.

"எல்லாப் படகுலயும் கருவி வேண்டியதில்லீங்க" என்றாள். "பத்துப் படகு போச்சுன்னா ஒண்ணுல இருந்தாப் போதும். மத்ததை நாங்க கணக்குப் போட்டுருவோம்."

"கணக்குன்னா?"

"இந்த டிரைவர் வழக்கமா எந்தப் பக்கம் போவாரு, எப்பத் திரும்புவாரு, இன்னிக்குக் காத்து எப்படி, நீரோட்டம் எப்படி, பக்கத்துப் படகு எங்க நிக்குது... பழைய பயணம் அத்தனையும் உங்க கருவியில பதிவாகியிருக்குதுங்களே, அதைப் படிச்சு வெச்சுக்கும். படகெல்லாம் ஒரே மீனைத் தேடித்தானுங்க போகுது. அதனால ஓரளவுக்குச் சரியாச் சொல்லிரும்."

"ஓரளவுக்குன்னா, தப்பாப் போச்சுன்னா?"

சுகிர்தா மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள். "உறுதியாத் தெரியலீன்னா அதுவே சொல்லிரும்ங்க. இந்தப் படகைப் பத்தித் தெரியவில்லைன்னு. அது வெளிப்படையா இருக்கணும்னுதான் நாங்க வெச்சிருக்கோம்."

ஜெனிட்டாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பழைய போன்காரியின் குரலையே புதிய ஏற்பாட்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்றும் சுகிர்தா சொன்னாள். ஊருக்கு வித்தியாசமே தெரியாது.

இருக்கிற சில கருவிகளை எந்தெந்தப் படகில் பொருத்துவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அண்ணன் படகுக்கு விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் செல்மா கேட்டாள்: "நீதான ஆபீசுல இருக்க? ஒண்ணை ஒங்க அண்ணனுக்கு வச்சுட வேண்டியதுதான?"

"ஊரு என்ன பேசும் மதினி?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த ரெமிஜியுஸ் தங்கச்சி பக்கம்தான் பேசினான். "விடு செல்மா. எனக்குக் கருவி எதுக்கு? நான் எங்க போவேன்னு ஒனக்குத் தெரியாதா, இவளுக்குத் தெரியாதா?"

புதிய ஏற்பாடு ஓடத் தொடங்கிய முதல் மாதம் ஊர் கொந்தளித்துப்போனது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய போன்காரி, திடீரென்று, "இந்தப் படகைப் பற்றித் தெரியவில்லை" என்று சொல்லத் தொடங்கினாள். காற்று கொஞ்சம் மாறினாலும் தெரியவில்லை. கருவி வைத்த படகு வழக்கத்தைவிடத் தள்ளிப் போனாலும் தெரியவில்லை. ஒருநாள் பத்திநாதன் பெண்டாட்டி அதைக் கேட்டுவிட்டுத் தலைவிரிகோலமாகக் கோயிலுக்கு ஓடி மணியை இழுத்து அடித்தாள். ஊரே திரண்டு கடற்கரைக்கு ஓடியது. சாயங்காலம் பத்திநாதன், ஐஸ்பெட்டி நிறையச் சூரை மீனோடு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வந்து இறங்கினான். என்ன கூட்டம் என்று கேட்டான். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் ஊர் கலைந்தது.

மறுநாள் பெண்கள் சங்க அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள்.

"தெரியலன்னு சொல்லுததுக்கு எதுக்குட்டி ஒரு போனு? தெரியாம இருக்க எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஒருத்தி. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அழுதாள். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து நெஞ்சு படபடக்கிறதாம். பின்னால் வந்து நின்ற மச்சாது அண்ணாச்சி, "ஜெனி, இது சரிப்படாது. ஏதாவது பண்ணு" என்றார்.

ஜெனிட்டா சுகிர்தாவுக்குத் தொலைபேசினாள். அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள்.

மறுமுனையில் சுகிர்தா விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"முடியுமுங்க அக்கா. சந்தேகம் இருந்தாலும், இருக்கறதுல எது நெருக்கமோ அதைச் சொல்லும். ஆனா நான் வேண்டாமின்னுதான் சொல்லுவேன்."

"மத்த ஊருல எப்படி வச்சிருக்காவ?"

"எல்லா ஊருலயும் கடைசியில எடுக்கச் சொல்லிட்டாங்க" என்றாள் சுகிர்தா. "முதல்ல நாங்களே மறுத்துப் பார்த்தோம். மறுத்தா வேற கம்பெனிக்காரங்க வந்து வேலையை வாங்கிட்டுப் போயிருவாங்க. எங்களுக்கும் பொழப்பு இருக்குதுங்களே."

ஜன்னலுக்கு வெளியே அந்தப் பிள்ளைத்தாய்ச்சி, படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா அவளைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஊர் அமைதியானது. போன்காரி பழையபடி எதற்கும் பதில் சொன்னாள். பெரும்பாலும் சரியாகவே சொன்னாள். கோயில் கொடியேற்றத் திருநாளுக்கு முன் வந்த காற்றில்கூட, இன்னின்ன படகு இந்நேரத்துக்குள் வரும் என்று அவள் சொன்னபடியே வரிசையாக வந்து சேர்ந்தன. "முன்னால இருந்தவளைவிட இவ கெட்டிக்காரி" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மச்சாது அண்ணாச்சி கூட்டத்தில் ஜெனிட்டாவுக்குச் சால்வை போட்டார். அவளுக்குக்கூடச் சில நாட்களில் மறந்தேபோனது, அந்தக் குரல் பார்த்துச் சொல்லவில்லை, நினைத்துச் சொல்கிறது என்பது.

வாடைக்காற்று தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை ரெமிஜியுஸ் கடலுக்குப் போனான். அவனோடு மூன்று பேர். அதில் கஸ்பார் என்பவன் அவனுக்குப் பால்ய சிநேகிதன், தெற்குத் தெருக்காரன். வெள்ளிக்கிழமை வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை வரவில்லை. அன்று காற்று பலமாக இருந்தது. பல படகுகள் வரவில்லை. சில படகுகள் பக்கத்து ஊர்த் துறைகளில் ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. செல்மா மத்தியானம் போன்காரியிடம் கேட்டுவிட்டு, அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "மணப்பாட்டுக்கு நேரே வந்துக்கிட்டிருக்காவளாம்."

ஜெனிட்டாவும் கேட்டாள். அலுவலகத்திலிருந்து, யாரும் பார்க்காதபோது, எல்லாரையும்போல எண்ணை அழுத்தி, "ஆரோக்கிய தீபம்" என்று படகின் பெயரைச் சொன்னாள். அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அப்படியிருந்தும், "படகு கரையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது" என்று அந்தக் குரல் சொன்னபோது அவளுடைய தோள்கள் தளர்ந்தன. வீட்டுக்குப் போய், சூடாகச் சோறு சாப்பிட்டாள். ஷைனிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை படகு இன்னும் கிட்டே வந்திருந்தது. அதாவது, போன்காரி அப்படிச் சொன்னாள். காலையில் கேட்டதைவிட மத்தியானம் கிட்டே. மத்தியானத்தைவிடச் சாயங்காலம் கிட்டே. ஒதுங்கியிருந்த படகுகள் ஒவ்வொன்றாகத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தன. கஸ்பாரின் மனைவி பெல்சி தெருவில் பார்த்தபோது, "காத்து எதிர்க்காத்தா இருக்கும், அதான் மெதுவா வாராவ" என்றாள். ஜெனிட்டாவும் ஆமாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வெளியே வந்ததும் செல்மா கோயில் வாசலில் நின்றே போன் பண்ணினாள். கேட்டுக்கொண்டிருந்தவளுடைய முகம் மலர்ந்தது.

"வந்துட்டாவ ஜெனி! துறைமுகத்துக்கு வந்து சேந்துட்டாவளாம்!"

வீட்டுக்குப் போய் ஆட்டுக்கறிக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, ரெமிஜியுஸுக்கு மாற்றுச் சட்டையும் எடுத்துக்கொண்டு செல்மா துறைமுகத்துக்குப் போனாள். ஷைனி கூடவே ஓடினாள். ஜெனிட்டா வீட்டில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்துச் செல்மாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏட்டி, படகைக் காணுமே. எந்தப் பக்கம் கட்டியிருக்காவ?"

"நல்லாப் பாருங்க மதினி. ஐஸ் கம்பெனி ஓரமா இருக்கும்."

"எல்லாப் பக்கமும் பாத்துட்டேன். மறுபடியும் போன்காரிகிட்டக் கேட்டேன். வந்துட்டுன்னுதான் சொல்லுதா."

ஜெனிட்டா அடுப்பை அணைக்கவில்லை. செருப்புப் போடவில்லை. ஓடினாள். துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமையாதலால் ஆள் நடமாட்டமில்லை. செல்மா வாளியும் சட்டையுமாக ஒரு வெற்றிடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக ஆரோக்கிய தீபம் கட்டப்படும் இடம். அங்கே டீசல் படலம் மிதக்கும் தண்ணீர் மட்டுமே அசைந்துகொண்டிருந்தது. அவள் ஒலிபெருக்கியைப் போட்டுப் போனை நீட்டினாள். "ஆரோக்கிய தீபம் துறைமுகத்தை வந்தடைந்தது" என்றது அந்தக் குரல், நிதானமாக, அன்பாக.

ஜெனிட்டாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மற்றப் படகுகளெல்லாம் வந்துவிட்டன. ஆகவே இதுவும் வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் கணக்கு.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கோயில் மணி அடித்தது. கடலோரக் காவல்படைக்குச் சொன்னார்கள். ஞாயிறு என்றும் பார்க்காமல் படகுகள் புறப்பட்டன. சால்வை போட்ட மச்சாது அண்ணாச்சி, தள்ளாத வயதில், தானும் ஒரு படகில் ஏறிப்போனார். திங்கட்கிழமை மத்தியானம், யாருமே நினைத்துப்பார்க்காத அளவுக்குத் தெற்கே, ஐஸ்பெட்டியின் மூடி ஒன்றில் கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டு கிடந்த கஸ்பாரைக் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது. மற்ற இரண்டு ஆட்களும் கிடைக்கவேயில்லை. ரெமிஜியுஸின் உடல் மறுநாள் வேறொரு படகுக்குக் கிடைத்தது.

அடக்கம் முடிந்தபின் ஜெனிட்டா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கஸ்பாரின் உதடுகள் வெடித்து, முகத்தோல் உரிந்திருந்தது. பெல்சி ஈரப் பஞ்சால் அவன் உதடுகளை நனைத்துக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா கட்டில் ஓரமாக நின்றாள். அவன் அவளை அடையாளம் கண்டுகொண்டு மெதுவாகப் பேசினான்.

"வியாழக்கிழமை விடியக்காலம் ஒரு கப்பல் இடிச்சுட்டுப் போயிட்டு. படகு ரெண்டாப் போச்சு. வயர்லெஸ்ஸெல்லாம் தண்ணிக்குள்ள. அவனுவ ரெண்டு பேரையும் அப்பவே காணும். நானும் ஒங்க அண்ணனும்தான் மூடியப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தோம்."

"எவ்வளவு நாள் அண்ணன்...?"

"சனிக்கிழமை பொழுது சாயுத வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தான்." கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டான். "வெள்ளிக்கிழமை ராவு வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு மாப்ளன்னு எனக்குத் தைரியம் சொன்னான். சங்கத்துல என் தங்கச்சி இருக்கா, வெள்ளிக்கிழமை வரலன்னா அவ சும்மா இருக்கமாட்டா, சனிக்கிழமை காலைல நம்மத் தேடிப் படகு வந்துரும்னான். சனிக்கிழமை முழுக்க வடக்கையே பாத்துக்கிட்டு இருந்தான்."

ஜெனிட்டா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் யாரும் வரல?" என்று கேட்டான் கஸ்பார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான். "நீ போன் போடலையா?"

"போட்டேன்" என்றாள் பெல்சி. "வந்துக்கிட்டிருக்கியன்னு சொன்னா."

சுகிர்தா மறுவாரம் வந்தாள். அலுவலகத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறக்காமலேயே அழுதாள்.

"அது பொய் சொல்லலீங்க அக்கா. அதுக்குப் பொய்னா என்ன, நெசம்னா என்னன்னு தெரியாது. காத்தடிச்சாப் படகு மெதுவா வரும், வந்தாக் கரைக்கு வரும். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஒரு படகு வராமலே போயிரும்ங்கிறது அது படிச்ச பயணத்துல எங்கயுமே இல்லீங்க. திரும்பி வந்த பயணத்தை மட்டுந்தானே நாம கொடுத்தோம்."

"உள்ளுக்குள்ள அதுக்குச் சந்தேகம் இருந்துச்சா?" என்று கேட்டாள் ஜெனிட்டா. "வெள்ளிக்கிழமை நான் கேட்டப்ப?"

சுகிர்தா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருந்துச்சுங்க. அந்த வார்த்தை இருந்திருந்தா, வியாழக்கிழமை மத்தியானம் காத்து மாறுனதுலயிருந்தே தெரியவில்லைன்னு சொல்லியிருக்கும்."

அன்றே அந்த வார்த்தையைத் திரும்ப வைக்கச் சொன்னாள் ஜெனிட்டா. துக்க வீடு என்பதால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. போன்காரி மறுபடியும் தெரியவில்லை என்று சொல்லத் தொடங்கினாள். அப்படிச் சொன்ன உடனே அலுவலகத்துக்கும் செய்தி வரும்படி செய்து, வந்தபோதெல்லாம் ஜெனிட்டா பக்கத்துப் படகுகளைக் கூப்பிட்டு விசாரித்தாள். தேடிப் போகச் சொன்னாள். போன படகுகள், தேடப்பட்டவன் சாவகாசமாக மீன்பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்பின. டீசல் வீண், நாள் வீண். பெண்கள் ஒவ்வொரு காற்றுக்கும் கடற்கரையில் வந்து நின்றார்கள். அழுதார்கள், கணவன் வந்து இறங்கியதும் அவனோடு சண்டை போட்டார்கள். ஈஸ்டர் திருநாள் வரை ஊர் தாக்குப்பிடித்தது. அதற்குமேல் முடியவில்லை.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மச்சாது அண்ணாச்சி எழுந்து, தயங்கித் தயங்கிப் பேசினார். வேறொரு நிறுவனம் வந்திருக்கிறதாம். இன்னும் மலிவாம். கருவியே வேண்டாமாம். "இவிய கிட்டத் தெரியலைங்கித பேச்சே கெடையாதாம்" என்று சொல்லிவிட்டு, ஜெனிட்டாவைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார்.

ஜெனிட்டா எழுந்தாள். "எங்க அண்ணன் மூணு நாளு தண்ணியில கெடந்து நம்மள எதிர்பாத்தான். நாம அந்தக் குரலை நம்பி வீட்டுல இருந்தோம். நானும் இருந்தேன். அந்த வார்த்தைய எடுக்கச் சொன்னதும் நான்தான். மறுபடியும் அதைச் செய்யாதிய. கையெடுத்துக் கும்பிடுதேன்."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊர் தன் பக்கம் வந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அப்போது முன்வரிசையிலிருந்து செல்மா எழுந்தாள். வெள்ளைச் சேலை. அடக்கத்துக்குப் பின் அவள் பொது இடத்தில் பேசுவது அதுதான் முதல்முறை.

"ஜெனி சொல்லுதது சரிதான். அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்றாள். "ஆனா நான் ஒண்ணு சொல்லுதேன். அந்த வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் நான் நல்லா இருந்தேன். கொழம்பு வச்சேன், பிள்ளைக்குத் தல பின்னிவிட்டேன். அதுக்குப் பொறவு நான் அப்படி இருந்ததில்ல. கலியாணம் கட்டி வந்த நாள்லருந்து, அவிய கடலுக்குப் போன ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்துப் பொழச்சவ நான். போன்காரி வந்த பொறவுதான் மனுசியா இருந்தேன். இந்தப் பிள்ளையளுவளப் பாக்கேன், பழையபடி கடக்கரையில நின்னு சாவுதாளுவ. எல்லாப் படகும் முங்குதில்ல. எல்லா நாளும் இவளுவ ஏன் சாவணும்?"

ஜெனிட்டா உட்கார்ந்தாள். கை தூக்கச் சொன்னார்கள். மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. பெல்சியின் கையும் எழுந்தது. கஸ்பார் கடைசித் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் கையைத் தூக்கவில்லை. கூட்டம் முடிவதற்குள் வெளியே போய்விட்டான்.

வீட்டுக்கு நடக்கும்போது செல்மா ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெனிட்டா சங்கத்தில் போன் சம்பந்தப்பட்ட பொறுப்பை விட்டுவிட்டு, டீசல் வழங்கும் இடத்துக்கு மாறிக்கொண்டாள்.

மழைக்காலம் வருவதற்கு முன் கஸ்பார் மறுபடி கடலுக்குப் புறப்பட்டான். வேறு முதலாளி, வேறு படகு. மத்தியான வெயிலில் டீசல் பிடிக்க வந்தவன், கேன்களை ஏற்றிய பிறகும் போகாமல் நின்றான். கன்னத்தில் உரிந்த தோல் ஆறி, வெள்ளைத் திட்டாகியிருந்தது.

"ஜெனி, ஒண்ணு கேக்கணும்" என்றான்.

"சொல்லுங்கண்ணே."

"தண்ணியில கெடந்தப்ப நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். முன்னால எங்க அப்பா காலத்துல, படகு ஒரு நா பிந்துனா அம்மா ஊரையே எழுப்பிப்போடுவா. எங்க அப்பாவுக்கு அது மானக்கேடா இருக்கும், வந்து திட்டுவாரு. ஆனா அப்பா மூணு தடவ பொழச்சு வந்தது அவ பயந்ததுனாலதான். கரையில ஒருத்தி பயந்துக்கிட்டு இருந்தாத்தான் எங்களத் தேடி ஆள் வரும். இப்ப எல்லாரும் நிம்மதியா இருக்காவ. பெல்சியும் நிம்மதியா இருக்கா. அவளப் பயப்படச் சொல்ல எனக்கு மனசு வரல. செல்மா சொன்னது நெசந்தான."

அவன் கடலைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"அதனால, நான் திரும்பி வார வரைக்கும் நீ எனக்காகப் பயந்துக்கிட்டு இருப்பியா? ஒனக்கு அது எப்படின்னு தெரியும். வியாழக்கிழமை வந்துருவோம். வரலன்னா, போன்காரி என்ன சொன்னாலும் கேக்காத."

அவள் தலையசைத்தாள்.

பெல்சி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். கஸ்பார் அதை வாங்கிக்கொண்டு, அவளிடம் ஏதோ கேலி பேசிச் சிரிக்கவைத்துவிட்டுப் படகில் ஏறினான். படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டி, வெளிக்கடலின் முதல் அலையில் மூக்கைத் தூக்கி இறக்கியது. பெல்சி போனை எடுத்துப் படகின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். நலமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றது குரல். "போய்க்கிட்டிருக்காவளாம்க்கா" என்று ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டு, வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஜெனிட்டா அங்கேயே நின்றாள். படகு சிறுத்து, புள்ளியாகி, கண்ணுக்குத் தெரியாமல் போனது. கடல் அமைதியாகத்தான் இருந்தது. அவள் பயப்படத் தொடங்கினாள்.